கடைசியில் பேசுகிறவர்

…அளவுக்குள் இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா என்ன, காய்ச்சல் இன்னும் நூறைத் தாண்டவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவோமா, என்று ரோடெல் அபுகாய் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நாளைக் காலை புறப்பட வேண்டிய நீர்மூழ்கிக் கப்பல், அதில் கடல்நீரை இழுக்கும் ஒரு பம்ப், அந்தப் பம்பின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஓர் அதிர்வு, ஒவ்வொரு சோதனையிலும் முந்தைய சோதனையைவிட மயிரிழை கூடுதல், ஆனால் எல்லாமே அபாயக் கோட்டுக்குக் கீழே, எல்லாமே அளவுக்குள்… இதைச் சொன்னால் சிரிப்பார்களா? சிரிக்க மாட்டார்கள், பெருமூச்சு விடுவார்கள், அது சிரிப்பைவிட மோசம். பேரிங்கை மாற்றக் கப்பலின் வயிற்றைத் திறக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், கடற்படையை நம்பி வாழும் இந்த பிரெமர்ட்டன் ஊரில் பாதி வீட்டு வாசலில் வழியனுப்பும் பதாகைகள் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. சொல்லித்தான் ஆக வேண்டும், தன் முறை வரும்போது சொல்லிவிடலாம், கடைசியில் லொரெட்டா இருக்கிறாரே, எப்படியும் அவர் பார்த்துக்கொள்வார்.

மேசையின் தலைமாட்டில் லொரெட்டா ஹாவ்லிக், வழக்கமான சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி, வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறப்போகிற மனுஷி என்று யாராவது சொல்வார்களா, ஏதோ நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரி சோதனை வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். சட்டைக் கையில் தங்கப் பட்டை வைத்த கேப்டன்கள் மூன்று வருஷத்துக்கு ஒருவர் வருவார்கள், வாத்தியம் முழங்க வருவார்கள், வாத்தியம் முழங்கப் போவார்கள், இவர் மட்டும் பட்டையும் இல்லாமல் வாத்தியமும் இல்லாமல் இங்கேயே இருப்பார், பொறியியல் நிலையத்தின் சீருடை இல்லாத சிவிலியன் தலைவர், இவர் சரி என்று சொல்லாமல் எந்தத் தங்கப் பட்டையும் ஒரு கப்பலைக் கடலில் இறக்க முடியாது. எத்தனை பேர் முட்டிப் பார்த்திருக்கிறார்கள்! அவர் வேலைக்கு வந்த புதிதில் இந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாதாம், மழையில் அடுத்த கட்டடத்துக்கு நடக்க வேண்டுமாம். கேட்டால், “அந்த நடையிலதான் யோசிக்கக் கத்துக்கிட்டேன், உங்களுக்கெல்லாம் பக்கத்துலயே இருக்கு, அதான் ஒண்ணும் தோண மாட்டேங்குது” என்பார். அப்படி ஒரு வாய். அந்த வாயை எப்போது திறக்கக் கூடாது என்பதும் அவருக்குத்தான் தெரியும்… அவர் வைத்த சட்டம் அது, கப்பல் போகலாமா வேண்டாமா என்று கேட்கும்போது இளையவர் முதலில் பேச வேண்டும், பெரியவர் பிறகு, தான் எல்லாருக்கும் கடைசியில். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் கப்பல் போகாது. பெரியவங்க முதல்ல பேசினா மத்தவங்க தலையாட்டத்தான் வருவாங்க, தலையாட்டறதுக்கு நாம சம்பளம் குடுக்கலை, என்பார்.

அந்தக் கிறிஸ்துமஸ் கப்பலை யார் மறந்தார்கள், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு கியர் பெட்டியின் மேல் சந்தேகம் என்று லொரெட்டா நிறுத்தினாரே, மளிகைக் கடையில் ஒரு மாலுமியின் மனைவி அவர் முகத்துக்கு நேரே பொரிந்து தள்ளினாள், ரோடெலும் அன்றைக்குக் கூட இருந்தான், அவனுக்குத்தான் காது கூசியது, இவர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அவள் முடிக்கும் வரை நின்றார், முடித்ததும் “நீ கோவப்படறது நியாயம்தான்மா” என்றார், அவ்வளவுதான். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, பல் ஒவ்வொன்றும் புதுசு மாதிரி. அப்போதிருந்த கேப்டன் நக்கலாக, “என்ன கிடைச்சுது லொரெட்டா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுது கேப்டன், நேத்து அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.” எப்படி ஒரு நெஞ்சு வேண்டும் அப்படிச் சொல்ல… உடைந்த கப்பலைச் சரிசெய்தவனுக்குப் பதக்கம் கொடுப்பார்கள், உடையாமல் போன கப்பலுக்கு யார் என்ன கொடுப்பார்கள்? அவருடைய வாழ்நாள் வேலை பூராவும் நடக்காமல் போன காரியங்கள், மூழ்காதவை, எரியாதவை, வீடு திரும்பிய பிள்ளைகள், அவர்களுக்கு இவர் பெயர்கூடத் தெரியாது. அந்த நாற்காலியில் திங்கட்கிழமை முதல் ரோடெல்தான் உட்கார வேண்டும். பிரிவு விருந்துக்குத் தங்கள் ஊர்ப் பலகாரமான லும்பியா சுருட்டிக்கொண்டே மனைவி மாரிடெஸ் நேற்றுச் சொன்னாளே, “இத்தனை வருஷமா அவங்க நிழல்லயே நின்னுட்டே, இனிமே வெயில் அடிக்கும்யா, தொப்பி வாங்கிக்கோ.” விளையாட்டுக்குத்தான் சொன்னாள், ஆனாலும் சுருக்கென்றது.

சுவரிலிருந்த திரையில் அட்மிரல் தார்ன்குவிஸ்ட் தொண்டையைச் செருமினார், தலைநகரில் இருக்கிறவர், நல்ல மனிதர், தொந்தரவே அந்த நல்ல மனசால்தான் வந்தது. “வழக்கமா லொரெட்டா கடைசியிலதான் பேசுவாங்க, தெரியும். ஆனா இன்னைக்கு அவங்களுக்கு இது கடைசிக் கூட்டம். முதல்ல அவங்களைக் கேக்கறதுதான் மரியாதை. சொல்லுங்க லொரெட்டா, கப்பல் போகலாமா?” எல்லாரும் கை தட்டினார்கள். ஐயோ, இது என்ன மரியாதை, ரோடெல் லொரெட்டாவைப் பார்த்தான், அவர் புருவம் ஒரு கணம் ஏறி இறங்கியது, முதலில் பேச மாட்டேன் என்று சொல்லப்போகிறாரா, இல்லை தன் சட்டத்தைத் தானே… ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லியோ மழுப்பியோ அவருக்குப் பழக்கம் கிடையாது. “எனக்குப் போகலாம்னுதான் படுது அட்மிரல். ஆனா என்னை விட்டுடுங்க, மத்தவங்களைக் கேளுங்க.” அவ்வளவுதான், முடிந்தது. மேசையில் எல்லாரிலும் இளையவளான டெஸ்ஸா, போன வருஷம் கல்லூரியிலிருந்து வந்தவள், “போகலாம்” என்றாள். அடுத்தவர் போகலாம். இயந்திரப் பிரிவுத் தலைவர் ஹோபர்ட், எதற்கும் லேசில் ஒப்பாதவர், அவரும் போகலாம். வரிசை தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவரே சொல்லிவிட்டார், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? அதிர்வு வரைபடம் அவர் முன்னாலும்தானே இருக்கிறது, பார்த்துத்தானே சொல்லியிருப்பார், இருபது வருஷமாக அவர் சொல்லித் தப்பாகி நீ பார்த்திருக்கிறாயா, இன்றைக்கு, அவருடைய கடைசிக் கூட்டத்தில், அட்மிரலுக்கு முன்னால், அவர் சொல்லை மறுத்து… நன்றி கெட்டவன் என்பார்களே, நாற்காலி கிடைப்பதற்குள் கொம்பு முளைத்துவிட்டது என்பார்களே. சரி, போகலாம் என்றே சொல்லிவிடு. சொன்னால் இன்றைக்கு ராத்திரி தூக்கம் வருமா? கப்பல் ஆழத்தில் இருக்கும்போது அந்தப் பம்ப்…

“ரோடெல்?” என்றது திரை.

“வேண்டாம்” என்றான். குரல் எங்கிருந்தோ வந்தது போலிருந்தது. பம்பைப் பற்றிச் சொன்னான், ஏறிக்கொண்டே போகும் கோட்டைப் பற்றிச் சொன்னான், அளவுக்குள்தான், ஆனால் நிற்கவில்லை, எங்கே நிற்கும் என்று தனக்குத் தெரியவில்லை, தெரியாமல் அனுப்ப மனசு ஒப்பவில்லை. பேசும்போது லொரெட்டாவின் பக்கம் அவன் பார்க்கவேயில்லை, பார்த்திருந்தால் வாய் அடைத்திருக்கும். அவன் முடித்ததும் லொரெட்டா பேசினார். “அட்மிரல், என் பேச்சைக் கேட்டுட்டுத்தான் எல்லாரும் சொன்னாங்க, முதல்லேருந்து திரும்பக் கேட்டுடலாம். இந்தத் தடவை நம்ம முறைப்படி. டெஸ்ஸா, நீ சொல்லும்மா.”

டெஸ்ஸா, “எனக்கும் அந்தக் கோடு உறுத்திக்கிட்டேதான் இருந்தது… வேண்டாம்” என்றாள். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது ரோடெலுக்கு, தான் பைத்தியம் இல்லை. அடுத்தவரும் வேண்டாம் என்றார். அதற்கடுத்தவரும். ஹோபர்ட் தாடையைத் தேய்த்துக்கொண்டு, “யோசிச்சா ரோடெல் சொல்றதுதான் சரின்னு படுது” என்றார். யோசித்தாரா? எப்போது யோசித்தார்? மகிழ்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை, இவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டையா பார்க்கிறார்கள், என்னை அல்லவா பார்க்கிறார்கள், ஒவ்வொருவரும் பேசுமுன் இந்தப் பக்கம் ஒரு பார்வை, கொஞ்ச நேரம் முன்பு லொரெட்டாவின் பக்கம் போன அதே பார்வை. யாராவது ஒருவர், ‘உளறாதே ரோடெல்’ என்று சொன்னால் என்ன, சொன்னால் நன்றாக இருக்குமே…

“நான் இன்னும் போகலாம்னுதான் சொல்றேன்” என்றார் லொரெட்டா. அறை திடுக்கிட்டது. “அந்த அதிர்வை நானும் பார்த்தேன். பேரிங் புதுசு, படிஞ்சுக்கிட்டு வருது, தானா அடங்கிடும்கிறது என் கணிப்பு. ரோடெல் பயப்படறது அதிகம்னு நினைக்கிறேன். ஆனா ஒருத்தர் வேண்டாம்னாலும் வேண்டாம்தான். கப்பல் நிக்கட்டும் அட்மிரல்.” கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நேராக அவனைப் பார்த்துச் சொன்னார், நேற்று மாதிரி, போன வருஷம் மாதிரி. திரை அணைந்தது, நாற்காலிகள் நகர்ந்தன, டெஸ்ஸா அருகில் வந்து, நல்லவேளை நீங்க சொன்னீங்க சார் என்றாள், ஹோபர்ட் தோளைத் தட்டிவிட்டுப் போனார், அவர்கள் பாராட்டு ஒன்றும் உள்ளே இறங்கவில்லை, இறங்கியது லொரெட்டாவின் அந்த ஒரு மறுப்புத்தான், எத்தனை இதமாக இருந்தது அது, பேரிங்கைத் திறந்தால் ஒன்றுமில்லாமலும் போகலாம், இருக்கட்டும், இந்த மேசையில் தன்னைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் இருந்தார்… திங்கட்கிழமை யார் சொல்வார்கள்?