எல்லா வழக்கிலும் ஓட முயன்றவன்

குறுக்கு விசாரணை செய்யத் தெரியாமல் ஒருவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டோம் என்ற உறுத்தலில்தான் அவள் அந்த மூன்று நாள் பயிற்சியில் சேர்ந்தாள். இலவச சட்ட உதவி அலுவலகத்தில் வக்கீல். அவளுடைய கட்சிக்காரன் ஒரு பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போனவன். அவன் கத்தியோடு ஓடப் பார்த்தான் என்று ஒரு சப் இன்ஸ்பெக்டர் கூண்டில் நின்று முழங்கியபோது, அந்தக் குரலுக்கே பயந்து இரண்டு கேள்விகளோடு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷம் தண்டனை.

பயிற்சிக் கூடத்தில் மேசைகளை நகர்த்திப் போட்டு நீதிமன்றமாக்கியிருந்தார்கள். மூலையில் வீடியோ கேமரா. வழக்கு கற்பனைதான். போலீஸ் சாட்சியாக நடிக்க, பயிற்சி நடத்திய சீனியர் வக்கீல் தனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டரை அழைத்து வந்திருந்தார். என்ன சொல்வது என்பதை அவரிடமே விட்டிருந்தார்கள்.

"எங்களைக் கண்டதும் எதிரி தப்பியோட முயன்றார். இடது தோளைப் பற்றினேன். இடுப்பிலிருந்து கத்தி நழுவி விழுந்தது," என்று மனிதர் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

குறுக்கு விசாரணை அவளுடைய முறை. அவளுக்குக் கோபம் சுரீரென்று ஏறியது. ஒரு சொல் மாறாமல் பெயிண்டர் வழக்கில் கேட்ட சாட்சியம். கையிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதையே எத்தனை வழக்கில் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "அதெல்லாம் எண்ண முடியுமாம்மா? இப்படிச் சொன்னா மேல கேள்வி வராது. என் ஸ்டேஷன்ல வேலை கத்துக்கிட்டவங்க எல்லாருமே இதைத்தான் எழுதுவாங்க."

பெயிண்டரைப் பிடித்த சப் இன்ஸ்பெக்டரும் அந்த ஸ்டேஷன்காரர்தான். வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது.

"முட்டி மடங்காதவன்கூட ஓடுவானா சார்?"

சிரிப்பு நின்றது. நேரம் முடிந்தது என்று சீனியர் மணியைத் தட்டினார்.

இடைவேளையில் சீனியரிடம் போய் வீடியோவைக் கேட்டாள். கூடத்தில் பேசியது கூடத்தோடு சரி, இப்படி மாட்டிவிட்டால் அடுத்த முறை எந்த அதிகாரி வருவான் என்று அவர் கடிந்துகொண்டார். கோபப்படுகிற வக்கீல் வழக்கைத் தோற்பாள் என்று ஒரு பாடமும் நடத்தினார்.

"கோபப்படாமத்தான் சார் தோத்தேன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்தி மட்டும் பின்னாலேயே வந்தாள். இருவரும் மூன்று வாரம் நீதிமன்றப் பதிவறையில் தூசி தின்றார்கள். அந்த ஸ்டேஷனின் பதினோரு வழக்குக் கட்டுகளில் அதே தோள், அதே இடுப்பு, அதே கத்தி. அதில் ஒருவன், ஓட முயன்றதாகச் சொன்ன அன்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன். நகல் எடுக்க எடுக்க அவள் பல்லை நறநறவென்று கடித்தாள்.

மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தாள். சப் இன்ஸ்பெக்டரை மறுபடி கூண்டில் ஏற்றச் சொன்னார் நீதிபதி. இந்த முறை அவள் நாற்பது நிமிடம் விடவில்லை. குரல் உயரத்தான் செய்தது. தண்டனை ரத்தானது. சப் இன்ஸ்பெக்டரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

சிறை வாசலில் பெயிண்டரிடம், இதையெல்லாம் முதலிலேயே கேட்காதது என் தப்பு என்றாள்.

"பதினாலு மாசம் மேடம்," என்றான். "நான் உள்ள போறப்ப என் பொண்ணு தவழ்ந்துட்டிருந்தா."