மூன்றாம் நாள் ரத்தம்

கெளுத்தி மீனின் முள் மத்தியாஸின் உள்ளங்கையில் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை. வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது குத்தியிருக்கிறது. முப்பது வருஷம் கடலில் கிடந்தவன் அதை ஒரு காயமாகவே எண்ணவில்லை. மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு மறுநாளும் வள்ளத்தில் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது சட்டைக்குள் கை நுழையவில்லை. முழங்கை வரை வீங்கிச் சிவந்திருந்தது. திங்கள் காலையில் உடம்பு கொதித்தது, பாதங்கள் மட்டும் சில்லிட்டுக் கிடந்தன. அவன் மனைவி செசிலி ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனாள். வழியில் அவன் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, யாரம்மா நீ என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் கையைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். அதற்குள் கிருமியின் விஷம் ரத்தம் முழுக்க ஏறியிருந்தது. அவனை ஐசியூவில் போட்டார்கள். காலையில் பதினொரு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் பத்துப் பத்து நிமிஷம் பார்க்கவிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் செசிலி உள்ளே போனபோது, குழாய்களைப் பிடுங்கிவிடுகிறான் என்று அவன் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவன் கண்கள் கட்டிலின் கால்மாட்டில் நிலைத்திருந்தன.

"டெல்சி நிக்கா பாரு," என்றான். "தல முழுக்க வெள்ளம். ஒரு தோர்த்து குடுட்டி, துவட்டட்டும்."

செசிலி திரும்பிப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகுதான் அங்கே யாரும் நிற்க வழியில்லை என்பது உறைத்தது. அவர்களுடைய ஒரே மகள் டெல்சி ஆறு வயதில் கடலோடு போனவள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது போனாள். அது நடந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மத்தியாஸைப் பார்த்துக்கொண்ட டாக்டர் சண்முகவடிவு பொறுமையானவள். ஸ்கேனில் கட்டியோ ரத்தக்கசிவோ இல்லை, ரத்தத்தில் விஷம் ஏறும்போது மூளையும் தடுமாறும், அதனால்தான் ஆள் தெரியாமல் பேசுகிறார் என்று விளக்கினாள். அவளும் வேறு சிலரும் அப்போது ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். மூளைக்குள் இருக்க வேண்டிய ஒரு புரதம், மூளைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசிந்து வரும். அதை அளந்தால் யாருக்கு மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று மாதம் கழித்து என்று நாலு தடவை கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதை வைத்து வைத்தியத்தை மாற்றப்போவதில்லை, விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றும் சொன்னாள். செசிலி கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் ரீத்தா அவன் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கையில் செசிலியும் பக்கத்தில் நின்றாள். அவன் மறுபடியும் கால்மாட்டைப் பார்த்துப் பேசத் தொடங்கினான். குரல் தணிவாக, பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது.

"அப்பன் என்ன செய்ய மக்கா. மரத்தப் புடிக்க ஒரு கை வேணும்லா. அம்மைக்க முடி இந்தக் கையில சுத்திக் கெடக்கு. உனக்க கையத்தான் விட்டேன்."

ரீத்தா குழாயில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது காய்ச்சல்காரனின் பிதற்றல். செசிலி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவளுக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். அடுப்படியில் நின்றாள், லாரி ஏதோ மோதியதுபோல் சத்தம் கேட்டது, சுவர் இல்லாமல் போனது. பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் கண் விழித்தாள். நடுவில் நடந்ததை மத்தியாஸ்தான் சொல்லியிருந்தான். அவன் தென்னையைப் பிடித்தபோது தாயும் பிள்ளையும் கண்ணில் படவில்லை. விற்பதற்கு மீன் எடுக்க வந்திருந்த அஞ்சுகிராமத்துக்காரன் ஒருத்தன்தான் செசிலியை முடியைப் பிடித்து இழுத்து மேட்டில் போட்டுவிட்டுப் போனான். அவளுக்குப் பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி பிய்ந்திருந்தது. அந்த மனுஷனைத் தேடிப் போய்க் கும்பிட வேண்டும் என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். பேர் தெரியாதவனை எங்கே தேடுவது என்று ஒவ்வொரு தடவையும் மத்தியாஸ் தட்டிக் கழித்தான். ஏன் தட்டிக் கழித்தான் என்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது தோன்றியது. அப்படி ஒருத்தன் இருந்திருக்கவே மாட்டான்; முடியைப் பிடித்து இழுத்தது இவனேதான்.

சாயங்காலம் டாக்டரை வழிமறித்துக் கேட்டாள்.

"அந்த ரத்தத்துல, இவிய சொல்லுதது உள்ளதா இல்லியான்னு தெரியுமா?"

சண்முகவடிவு கையிலிருந்த கேஸ்ஷீட்டை மூடினாள். "மூளைக்கு எவ்வளவு அடின்னுதான் அது காட்டும் அக்கா. பேச்சு உண்மையா பொய்யான்னு அதுக்குத் தெரியாது. இந்த நேரத்துல அவர் பேசறத மனசுல வச்சுக்காதீங்க."

அளவு என்ன என்று செசிலி விடாமல் கேட்டாள். முதல் நாளே கூடுதலாக இருந்தது, இன்றைக்கு இன்னும் ஏறியிருக்கிறது, இருக்க வேண்டியதைப்போல் நாலு மடங்கு என்றாள் டாக்டர். கவலைதான், ஆனால் பிழைத்து வந்தவர்களும் இருக்கிறார்கள் என்றாள்.

செசிலிக்கு அதைக் கேட்டு ஒரு நிம்மதி வந்தது. நாலு மடங்கு கெட்டுப்போன மூளை சொல்வதை யார் நம்புவார்கள்? கூட்டம் குறைந்த பிறகு ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் முழங்கால் போட்டு, அந்த அளவு இறங்க வேண்டாம் மாதாவே என்று கேட்டாள். என்ன கேட்கிறோம் என்று புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். தாலி கட்டியவனின் மூளை கெட்டுப்போகட்டும் என்றல்லவா வேண்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த ஆலயத்தின் பக்கமே அவள் போகவில்லை.

ஏழாம் நாள் அளவு நன்றாக இறங்கிவிட்டது. அன்று கட்டுகளை அவிழ்த்திருந்தார்கள். மத்தியாஸ் அமைதியாகப் படுத்திருந்தான். செசிலியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கால்மாட்டைப் பார்த்து, "போயிட்டா. தல துவட்டாமலே போயிட்டா," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஐசியூவில் கிடந்ததே தெரியாது என்றான். வீட்டுக்கு வந்த பிறகும் வார்த்தைகள் அவனுக்குத் தாமதமாகவே வந்தன. வலையில் போடுகிற முடிச்சுகள் மறந்துபோயிருந்தன. செசிலி அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், மருந்து கொடுத்தாள். கேட்க வேண்டியதைக் கேட்க வாயெடுப்பாள். அவன் நிமிர்ந்து பார்த்ததும் அடுத்த கரண்டிக் கஞ்சியை நீட்டுவாள். தலை சீவும்போது மட்டும் அவளுக்குப் பின்மண்டையைத் தொடக் கை வரவில்லை. பின்னாமலே முடிந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து நாலாவது ரத்தம் எடுக்கப் போனார்கள். சண்முகவடிவு அவன் ஞாபகத்தைச் சோதித்தாள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு போனால் எத்தனை என்றெல்லாம் கேட்டுவிட்டு, சுனாமி வந்த அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கடற்கரை ஆட்கள் எல்லாரிடமும் கேட்பதுதான். மத்தியாஸ் வெகுநேரம் யோசித்தான். வெள்ளம் வந்தது நினைவிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தேடியது நினைவிருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்றான். செசிலி மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவன் கேட்டான்.

"உன்னைய யாருட்டி கரையேத்துனது?"

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. என்ன சொல்வது என்று முடிவெடுக்க அவளுக்கு அந்த ஒரே நிமிஷம்தான் இருந்தது. அவன் ஆறு வருஷம் தன்னிடம் சொல்லிவந்ததை எடுத்து, அப்படியே அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அஞ்சுகிராமத்துக்காரரு ஒருத்தரு. மீன் எடுக்க வந்தவரு."

"அவரப் போய்ப் பாக்கவே இல்லியா நாம?" என்றான் மத்தியாஸ். அவன் கண் நிறைந்துவிட்டது.

மறுவாரமே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அவளால் தடுக்க முடியவில்லை. அஞ்சுகிராமத்தில் கடை கடையாக ஏறி, அன்றைக்குக் கடற்கரையில் மீன் எடுக்கப் போயிருந்தவர் யாராவது உண்டா என்று கேட்டான். இல்லாத ஒருவனைத் தேடுகிற புருஷனின் பின்னால் வெயிலில் நடந்தாள் செசிலி. நாலாவது கடைக்காரர், பொன்னுலிங்கம் என்று ஒருவர் சைக்கிளில் மீன் விற்றார், செத்து மூன்று வருஷம் ஆகிறது, சம்சாரம் இருக்கிறாள் என்று வழி சொன்னார்.

பொன்னுலிங்கத்தின் மனைவி சொர்ணம்மாள் வந்தவர்களை உட்காரவைத்தாள். சுவரில் அவர் படம் இருந்தது. மத்தியாஸ் அதன் முன்னால் கைகூப்பி நின்று, திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னான். சொர்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவிய. அன்னைக்கு சைக்கிளும் கூடையும் போயி, நனஞ்சு நடந்தே வந்தாவ. ரெண்டு நாளு சோறு திங்கல்ல. என்ன பாத்தியோன்னு கேட்டேன், சொல்லல்ல."

செசிலி அந்தப் படத்தைப் பார்த்தாள். பொய் என்று நினைத்திருந்த மனிதர் அங்கே சட்டமிட்டுத் தொங்கினார். உண்மையிலேயே இவர்தான் தன்னை இழுத்தாரா? அப்படியென்றால் ஐசியூவில் கேட்டது பிதற்றலா? ஆறு வருஷமாகக் கேட்டது ஒன்று, மூன்றாம் நாள் கேட்டது ஒன்று. இரண்டில் எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஒருவர் செத்துவிட்டார். இன்னொருவன் மறந்துவிட்டான்.

சொர்ணம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எப்பிடிம்மா இழுத்தாவ?"

"முடியப் புடிச்சு," என்றாள் செசிலி.

சொர்ணம்மாள் அவள் தலையில் கை வைத்துப் பின்மண்டை வரை தடவினாள். செசிலி விலகவில்லை.

"பிள்ளையும் கூட இருந்துதா?"

"இருந்தா. அவளப் புடிக்கக் கை இல்லாமப் போச்சு," என்றாள் செசிலி, மூன்றாம் நாள் கேட்டதையே.

மத்தியாஸ் படத்திலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. சொர்ணம்மாள் போட்டுக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, இருவரும் நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தார்கள்.