ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை

அவள் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த பூமராங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவரின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் முன்னறையை ஒழித்தாக வேண்டும். நடுவில் கட்டிலைப் போட்டால் சுவரோரம்தான் ஆட்கள் நடக்க முடியும், தலையில் இடிக்கும்.

"அண்ணனுக்கு வேற பைத்தியமே கிடைக்கலையா அண்ணி? தபால்தலை சேர்த்திருந்தா ஒரு டப்பாக்குள்ள அடங்கியிருக்கும்."

"டப்பாக்குள்ள அடங்கிட்டா அப்புறம் உங்க அண்ணன் எப்படிப் பட்டறை பட்டறையா சுத்துறது?"

நாத்தனார் சிரித்துவிட்டு, உடனே மூக்கை உறிஞ்சினாள்.

எல்லாம் கையால் இழைத்த பழைய பூமராங்குகள், வீசினால் கைக்கே திரும்பி வரும் வளைந்த மரத்துண்டுகள். புதிதாக ஒன்றை மாட்டும்போது, "இது படகுத் தச்சர் செஞ்சது", "இது ஒரு கணக்கு வாத்தியார்" என்பார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மற்றபடி வீட்டில் "ம்", "சரி" இரண்டோடு வண்டி ஓடிவிடும்.

செய்தவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊர்க்கோடியில் பட்டறை வைத்திருந்த கிழவர் மட்டும் மிச்சம். ஞாயிறு விடிந்தால் கணவர் அங்கே போய்விடுவார், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். மனுஷன் மனசிலிருந்ததையெல்லாம் அங்கேதான் கொட்டுகிறார் என்று அவள் வருஷக்கணக்காக நம்பியிருந்தாள். கொஞ்சம் பொறாமையும் பட்டிருந்தாள். இன்று கிழவர் வருவார், கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உடல் வந்தது. ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். வெயில் தாழ்ந்த பிறகு கிழவர் வந்தார். கட்டிலில் கிடந்தவரின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மூலையில் குவிந்துகிடந்ததில் ஒன்றை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது என்னோடதும்மா. இந்த இடத்துல அரத்தைக் கொஞ்சம் அழுத்திட்டேன். வீசினா திரும்பாது, வேற தர்றேன்னேன். இதுதான் வேணும்னுட்டார்."

"உங்ககிட்ட அவர் என்னங்க பேசுவார்?"

"பேசவா?"

"ஞாயிற்றுக்கிழமைல. என்னைப் பத்தி... எதைப் பத்தியாவது."

கிழவர் விழித்தார். "பேசவே மாட்டாரேம்மா. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பார். பொழுது சாஞ்சா 'வர்றேன்'னு எந்திரிச்சுடுவார்." கையிலிருந்ததைத் திருப்பிப் பிடித்தார். "எல்லாத்தையும் வீட்ல உங்ககிட்ட சொல்லிடுவாராக்கும்னு நெனச்சேன்."

அவள் கணவரின் வாயைப் பார்த்தாள். பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள்.

வாசலில் சுடுகாட்டு வண்டி உறுமியது. "அண்ணி, வந்துட்டாங்க" என்றாள் நாத்தனார்.

"கொஞ்சம் நிக்கச் சொல்லும்மா" என்றாள் அவள்.

சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுத்து வந்து கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதைக் கொஞ்சம் தேய்ங்களேன்."

"இப்பவா?"

அவள் தலையசைத்தாள். கிழவர் சட்டைப் பையிலிருந்து மடித்த உப்புத்தாளை எடுத்து, அழுந்தியிருந்த விளிம்பில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சர்... சர்... மரத்தூள் அவர் முழங்காலில் படிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே எஞ்சினை அணைத்தார்கள்.