கால் குறைத்த நாற்காலி

டைப்பிஸ்டம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பெரிய எழுத்தாளர் ஒருவரின் பதினான்கு நாவல்களையும் தானே தட்டச்சு செய்ததாக அவர் சொல்வதை வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. "அத்தை ஆரம்பிச்சிட்டாங்க" என்று மருமகள் தன் கணவனைப் பார்த்துக் கண்ணடிப்பாள். பாவம், அந்த அம்மா அதையும் கவனித்துத்தான் இருந்தார். எழுத்தாளரின் வீட்டை நினைவில்லமாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மருமகளை வம்படியாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்காவது இவள் நம்ப மாட்டாளா என்ற ஆசைதான்.

வழிகாட்டி நல்ல மனிதர். என்ன, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நிலைப்படியின் மேற்கட்டையைக் காட்டி, "ஐயா ஆறடிக்கு மேல. தினமும் இங்க தலையில இடிச்சுக்குவார்" என்றார். அடுத்த அறையில் கயிறு கட்டி, உள்ளே மேஜை, தட்டச்சு இயந்திரம், நாற்காலி.

"எல்லா நாவலையும் ஐயாவே இங்க உட்கார்ந்து டைப் அடிச்சார். உதவிக்குன்னு ஒருத்தர் கிடையாது."

டைப்பிஸ்டம்மா சுவரில் தன் படத்தைத் தேடினார். சுவர் முழுக்கப் படங்கள். வீட்டு நாய்க்குக்கூட ஒரு படம் இருந்தது, அவருக்கு இல்லை. வாயைத் திறந்தால் இந்த ஆளும் சேர்ந்து சிரிப்பான்.

"போகலாம்மா, கால் வலிக்குது" என்றார்.

மருமகள் நகரவில்லை. தையல்காரி அவள், ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிறவள். நாற்காலியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மேஜை நாற்காலி ரெண்டுக்கும் காலை அறுத்திருக்கே?"

"ஐயா எளிமையானவர். தாழ்வா உட்காரத்தான் பிடிக்கும்."

"ஆறடி ஆளோட முட்டி இந்த மேஜைக்கு அடியில நுழையவே நுழையாதே. அப்புறம் எப்படி டைப் அடிப்பார்?"

வழிகாட்டி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். அது மனப்பாடத்தில் இல்லை.

"எனக்குக் கால் தரையில எட்டலைன்னு அவரே ரம்பத்தால அறுத்தார்" என்றார் டைப்பிஸ்டம்மா, யாருக்கோ சொல்வதுபோல. "அவர் நடந்துக்கிட்டே சொல்லுவார். நான் அடிப்பேன்."

மருமகள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். "உட்காருங்க அத்தை."

"அதுல யாரும் உட்காரக் கூடாது..." என்று தொடங்கிய வழிகாட்டி, அந்தக் குள்ள உருவத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

டைப்பிஸ்டம்மா உட்கார்ந்தார். முட்டி மேஜைக்கடியில் சுலபமாகப் போயிற்று. பாதம் இரண்டும் தரையில் படிந்தன. மருமகளுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்குள் அடுத்த கூட்டம் அறைக்குள் வந்துவிட்டது. வழிகாட்டி தொண்டையைச் செருமுவதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"இவங்க என் மாமியாருங்க. அவரோட புத்தகம் பதினாலும் இவங்க அடிச்சதுதான். கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க."