குனிய முடியாதவர்

கழுத்துப் பட்டையைப் பிய்த்தெடுக்கப் போன பாக்கியராஜின் கையை மகள் வினோலியா பிடித்துக்கொண்டாள்.

"கழட்டக் கூடாதுப்பா. எலும்பு இன்னும் கூடல. டாக்டர் அம்புட்டுச் சொன்னாருல்ல?"

"பெட்டிய மூடப் போறாங்கம்மா. நான் முத்தம் குடுக்க வேணாமா?"

மற்ற எல்லாரும் கொடுத்தாயிற்று. கூடத்து நடுவே தாழ்வான பெஞ்சில் புஷ்பமேரியின் பெட்டி இருந்தது. மோவாய்க்கு முட்டுக் கொடுத்திருந்த பட்டையோடு அவரால் மனைவியின் முகத்தைக் குனிந்து பார்க்கக்கூட முடியவில்லை. காலையிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் துக்கத்துக்கு வந்தவர்களின் முகங்களைத்தான்.

வெங்காய மண்டியில் கடை போட்ட புதிதில், மத்தியானம் மாதா கோயில் மணி கேட்டால் போதும், புஷ்பமேரி தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து மூவேளை செபம் சொல்லுவாள். வாங்க வந்தவர்களும் வாய் மூடி நிற்பார்கள்.

"அக்கா தேசிய கீதம் பாடி முடிக்கட்டும், அப்புறம் மூட்டையத் தூக்குவோம்" என்று சுமைக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

பாக்கியராஜுக்கு அந்தக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவள் கண்ணை மூடியிருப்பாள். முந்தானையில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். கல்லாவில் உட்கார்ந்தபடி யாருக்கும் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வினோலியாவின் பிரசவத்துக்காக மஸ்கட் போனபோதும் புஷ்பமேரியின் கைக்கடிகாரம் திண்டுக்கல் நேரத்தில்தான் ஓடியது. போன வாரம் இருவரும் விமானத்தில் திரும்பி வருகையில், பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது, கடிகாரத்தில் செப நேரம் வந்ததைப் பார்த்துவிட்டு பெல்ட்டைக் கழற்றி எழுந்தாள்.

"உக்காரு புஷ்பம். மாதா ஒண்ணும் கோவிச்சுக்காது."

"நீங்க சும்மா இருங்க. இந்தா முடிச்சிருவேன்."

கண்ணை மூடினாள். பாக்கியராஜ் வழக்கம்போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விமானம் சட்டென்று கீழே போனது. கூரையில் தலை மோதி அவள் திரும்ப வந்து விழுந்தது இவர் பிடரியின் மேல். திருச்சியில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கழுத்து போனாப் போகுது, விடும்மா" என்றார் இப்போது.

"மோட்சத்துக்கே போவீங்க மச்சான். எங்கக்கா அங்கயும் விடமாட்டா. 'கடையப் பூட்டாம வந்தீகளாக்கும்'னு ஏசுவா" என்று அழுதுகொண்டே சொன்னாள் கொழுந்தியாள் அன்னாள். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வாசலில் மாதா கோயில் சாமியார் காத்திருந்தார். மூடியைக் கொண்டுவந்துவிட்டார்கள். பாக்கியராஜ் வினோலியாவின் தோளைப் பிடித்து முழங்காலிட்டுப் பார்த்தார். கண்ணுக்கு நேரே பெட்டியின் பலகைதான் வந்தது. எழுப்பி நிறுத்தினார்கள்.

புஷ்பமேரியின் தம்பி பாஸ்கல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"ஏலே, மூணு பேரு வாங்கடா. நீங்க நிமிந்தே நில்லுங்க மச்சான். அக்காவ நாங்க கொண்டாறோம்."

நான்கு மூலையிலும் கை கொடுத்தார்கள். பெட்டி மெல்ல எழும்பியது. இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தலைமாடு கொஞ்சம் உயர்ந்து, புஷ்பமேரியின் முகம் அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. காயத்தை மறைத்திருந்த முக்காட்டை விலக்காமல், புருவத்துக்கு மேலே உதட்டை வைத்தார்.

"எறக்கலாமா மச்சான்?" பாஸ்கலுக்கு மூச்சு வாங்கியது.

பாக்கியராஜ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நால்வரின் கைகளும் நடுங்கத் தொடங்கின. யாரும் இறக்கவில்லை.