பாதி விலைக்குக் காத்திருந்த குளிர்

அந்த வீட்டுக்குக் குளிர்காலம் எப்போதும் தெருவைவிட இரண்டு மாதம் பிந்தித்தான் வரும், கம்பளித் துணிகளின் விலை பாதிக்கு இறங்கிய பிறகு. மற்ற வீடுகளில் பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். வாசற்படிக்கு வெளியே உறைபனி, உள்ளே கோடைப் புழுக்கம். தெருப்பூனைகள் மொத்தமும் அவர்கள் ஜன்னல் விளிம்பில் குடித்தனம் நடத்தின. திருட்டு மின்சாரத்தில் ஹீட்டர் ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டு மின்சார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மீட்டரைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வேர்த்து விறுவிறுத்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வெளியே இறங்கியதும் ஆளுக்கு இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மெக்கானிக்கின் மனைவிக்குத் தெருவில் பாதிவிலை அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் அப்படி அமைந்துவிட்டது. கல்யாணமான முதல் வருஷம் கை இறுக்கம். குளிர் ஆரம்பிக்கும் சமயத்தில் புருஷனுக்கு ஒரு கோட்டு தேவைப்பட்டது. "இப்ப வேணாங்க. சீசன் முடியறப்போ பாதி விலைக்குத் தருவான், பொறுத்துக்குங்க" என்றாள். "நான் பொறுத்துக்குவேன், குளிர் பொறுத்துக்குமா?" என்று அவர் கேட்டார். அடுப்பிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல், "அதெல்லாம் பொறுத்துக்கும்" என்றாள். பொறுத்துக்கொண்டது. அவள் கோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் பிரித்த சாயங்காலம்தான் குளிர், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவனைப்போல, தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தது. அந்த வருஷத்திலிருந்து எல்லாப் பருவமும் அப்படியே. மழைக்கோட்டின் விலை இறங்கி அவள் ஒன்றை வாங்கி வரும்வரை அந்தக் கூரைமேல் ஒரு சொட்டு விழாது; மெல்லிய பருத்தித் துணி அவள் பைக்குள் வராமல் கோடை அந்த வாசலைத் தாண்டாது. பருவங்கள் யாரையும் கேட்காமல் வரக்கூடியவை என்பது அவர்களுடைய ஒரே மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகுதான் உறைத்தது. போன இடத்தில் முதல் மழையிலேயே நனைந்து காய்ச்சலில் படுத்தாள்.

நகரத்தில் பெரிய கடைகள் மூன்று. மூன்றின் குணமும் அக்காவுக்கு அத்துப்படி. ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள கடையின் கிடங்கு சிறியது. புதுச் சரக்கு வந்து இறங்கினால் பழையதை வைக்க இடமிருக்காது, ஆகவே முதலில் விலையைக் குறைப்பது அதுதான். காலுறை, உள்சட்டை மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு அங்கே போகலாம். பாலத்துக் கடை தள்ளுபடிக்கு முந்தின வாரம் விலையை ஏற்றி வைத்து, பிறகு ஏற்றியதையே குறைத்துச் சிவப்பு அட்டை மாட்டும். அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக்கூடாது. சதுக்கத்துக் கடை கடைசியில்தான் இறங்கும், ஆனால் யோக்கியமாக இறங்கும். அங்கேயும் தள்ளுபடியின் முதல் நாள் போகிறவர்கள் கூட்டத்தில் இடிபட்டு ஆகாததை அள்ளிக்கொண்டு வருவார்கள். இரண்டாவது முறை குறைக்கும்போது, வாரநாளில், காலையில் கதவு திறந்ததும் போக வேண்டும். அதற்கும் பிந்தினால் குழந்தைக்கும் ராட்சசனுக்கும் பொருந்துகிற அளவுகள்தான் மிஞ்சும். தெருப் பெண்கள் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நாளைப் பார்த்துத் தாங்களும் கிளம்பினார்கள். சதுக்கத்துக் கடையின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்தவர் அவள் புருஷன் என்பதால் அவருக்குத் தள்ளுபடி முன்கூட்டியே தெரியும் என்று சிலர் நினைத்தார்கள். பாவம், அவருக்குச் சட்டைக்கும் துண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தாலே பெரிய விஷயம்.

லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிகளில் எண்ணெய்ப் புகையையும் தூசியையும் காலமெல்லாம் சுவாசித்து அவருடைய நுரையீரல் கெட்டுப்போனது. வேலையை விட்டார். மாடிப்படி ஏற முடியாமல் கட்டிலைக் கீழ் அறையில் ஜன்னலோரமாகப் போட்டார்கள். எடுத்த எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், அக்காவை மட்டும் ஆஸ்பத்திரி நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இந்த வெயில் காலம் பரவால்லம்மா. குளிர் வந்துட்டா தாங்க மாட்டார். பாக்க வேண்டியவங்கள எல்லாம் வரச் சொல்லிடுங்க" என்றார். "குளிர் வரலன்னா, டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். படித்தவர், நல்லவர். அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

அன்றைக்கே அவள் வீட்டிலிருந்த கம்பளித் துணி முழுவதையும் மூட்டை கட்டி வெளியே கொடுத்துவிட்டாள். அவருடைய கோட்டு, தன்னுடைய கோட்டு, மகளின் பழைய குல்லா, ஒற்றைக் கையுறை, எதையும் விடவில்லை. பழைய துணி மடிப்புக்குள் போன வருஷத்துக் குளிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குப் பயம். மகளுக்குப் போன் போட்டு, "அப்பாக்குக் கம்பளின்னு எதையும் அனுப்பித் தொலைக்காத" என்றாள். காரணம் சொல்லவில்லை. மகளுக்குக் கோபம். கட்டிலில் படுத்திருந்த மெக்கானிக் மூட்டை வெளியே போவதைப் பார்த்தார். ஏனென்று புரிந்துபோனவர்கள் கேட்பதில்லை.

அந்த வருஷம் ஊரெல்லாம் குளிர் வந்தது, அந்த வீட்டுக்கு வரவில்லை. தள்ளுபடி வந்தது, முடிந்தது, அக்கா வாங்கவில்லை. தெருவில் பனி உருகி மறுபடியும் கோடை வந்து வீட்டுக்குள் இருந்த கோடையோடு சேர்ந்துகொண்டது. டாக்டர் தன் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். அடுத்த குளிரும் அப்படியே போயிற்று. அதற்கடுத்ததும். சதுக்கத்துக் கடையில் கருநீல நிறத்தில், தடித்த கொம்புப் பொத்தான் வைத்த ஒரு ஆண்கள் கோட்டு அவர் அளவில் இருந்தது. அக்கா ஒவ்வொரு தள்ளுபடிக்கும் போவாள். உள்துணியைத் திருப்பிப் பார்த்து, தையலை விரலால் நிரடிவிட்டு, திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுவாள். பாதி விலை ஆனது, கால் விலை ஆனது, கடைசியில் பொத்தான்களின் விலைக்கே வந்து நின்றது. "அக்கா, இதுக்கு மேல இறங்காதுக்கா. உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்" என்று கோட்டுப் பகுதியின் விற்பனைப் பெண் கெஞ்சினாள். இன்னும் ஒரு வருஷம் கழித்து, சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அக்கா ஏழு மாடியும் படியிலேயே இறங்கி ஓடிவந்தாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் பேச்சு. சும்மா வருவதை வேண்டாம் என்றவளைப் பற்றி வேறென்ன பேசுவார்கள்?

ஆனால் குளிரைத்தான் நிறுத்திவைக்க முடிந்தது, நோயை அல்ல. அவர் சாகவில்லை, அவ்வளவுதான். ஓயாத கோடையில் முதுகு புண்ணாகி, தூக்கம் போய், ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்துக்கொண்டு கிடந்தார். ஜாடியில் வைத்த பூ வாடவும் மறந்து நாற ஆரம்பித்தது. அவளோ மருந்துக்கும் பாலுக்கும் பருத்திப் புடவையோடு பனியில் போய்வந்தாள். கம்பளி உடுத்தினால் வீட்டுக்குள் எப்படி வருவது? விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. இருமலும் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது வாசலில் கொஞ்ச நேரம் நின்று, நடுக்கம் அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகே கதவைத் தள்ளுவாள். அவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்த்தார்.

அடுத்த குளிரின் ஆரம்பத்தில், கடைகளில் எல்லாமே முழு விலைக்குத் தொங்கிக்கொண்டிருந்த வாரத்தில், அக்கா மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பகல் நேரம், மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்சி பிடித்துச் சதுக்கத்துக் கடைக்குப் போனார். லிஃப்ட் அவர் கை பட்ட லிஃப்ட். குலுங்காமல் தூக்கிக்கொண்டு போனது. கோட்டுப் பகுதியில், பெண்கள் கோட்டுகளின் பக்கம் ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கி, செங்கல் நிறத்தில் முழங்கால்வரை வரும் கோட்டு ஒன்றைக் காட்டினார். விற்பனைப் பெண்ணுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. "சார், இப்ப எடுக்காதீங்க. ரெண்டு மாசம் போனா இதே கோட்டு பாதி விலை."

"தெரியும்மா. ஊருக்கே அதச் சொல்லிக்குடுத்தவகூடத்தான் குடும்பம் நடத்தறேன்."

"அப்புறம் ஏன் சார்?"

"அவளுக்கு இப்பதானம்மா குளிருது" என்றார்.

வாங்கியது யார், யாருக்கு, எத்தனை சதவீதம் என்றெல்லாம் குளிர் விசாரிக்கவில்லை. அவர் பையோடு வாசற்படி ஏறியபோதே கூடவே ஏறி வந்துவிட்டது. அக்கா திரும்பி வந்தபோது மின்விசிறி நின்றிருந்தது, பூனைகளைக் காணோம், ஜன்னல் கண்ணாடி மங்கியிருந்தது. கோட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. அவர் வேர்வை அடங்கிய முகத்தோடு, பல வருஷங்களுக்குப் பிறகு ஆசுவாசமாகப் படுத்திருந்தார். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "முழு விலையா குடுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். அதைக் கேட்டதற்காகவே பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் இத்தன வருஷமா புடிச்சு வச்சிருந்தேனே. ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட்டு நின்னுட்டா, மேல ஏத்த முடியலன்னாலும் கீழயாவது இறக்கி உட்ருவோம். உள்ள ஆள வச்சுக்கிட்டு அப்படியே நிறுத்தி வைக்க மாட்டோம்மா" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "போட்டுப் பாரு. அளவு சரியா இருக்கான்னு தெரியணும்" என்றார்.

போட்டுப் பார்த்தாள். கை நீளம் கொஞ்சம் அதிகம். சரியாக இருக்கிறது என்று பொய் சொன்னாள். இரண்டு பேரும் அந்த ஒரே கோட்டைப் போர்த்திக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தார்கள். மகள் வந்தாள், கோபமெல்லாம் மறந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். மூச்சு கண்ணாடியில் படிந்து ஒரு தட்டு அகலத்துக்கு வெண்மையாக நின்றது. பாதி விலைத் தள்ளுபடிக்கு அறிவிப்பு ஒட்டிய நாள் காலையில் அவர் போய்விட்டார்.

ஊருக்குக் கோடை திரும்பியது. சதுக்கத்துக் கடையில் பருத்தித் துணிகளின் விலை இறங்கியதும் விற்பனைப் பெண் ஞாபகமாகப் போன் செய்தாள். அக்கா போனாள், கொளுத்துகிற வெயிலில் செங்கல் நிறக் கோட்டோடு. பஸ்ஸில் ஒரு பெண் துணியைத் தொட்டுப் பார்த்து எவ்வளவுக்கு எடுத்தீர்கள் என்று கேட்டாள். "முழு விலை" என்றாள் அக்கா. அதைச் சொன்னபோது குரல் உயர்ந்தது, அதில் பெருமை இருந்தது. கடையில் மெல்லிய சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். நல்ல நெசவு, நல்ல விலை. வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கோடையை உள்ளே விட்டால் ஜன்னல் கண்ணாடி காய்ந்துவிடும். அவர் கடைசியாக விட்ட மூச்சு அங்கே இன்னும் வெண்மையாக, ஒரு தட்டு அகலத்துக்கு, அப்படியே நிற்கிறது.

இதுவரை எந்தத் தள்ளுபடியிலும் அவள் பருத்தித் துணி வாங்கவில்லை. அந்த அறைக்குள் யாரும் விளக்கோ சூடான பாத்திரமோ கொண்டுபோவதில்லை. மகள் வந்தால் கண்ணாடியிலிருந்து ஒரு கை தூரம் விட்டுத்தான் உட்காருகிறாள். கதவுக்கு வெளியே ஆணியில், வருகிறவர்களுக்கென்று இரண்டு ஸ்வெட்டர்கள் தொங்குகின்றன. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும், எதிர்வீட்டுப் பெண்களும் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கழற்றி மாட்டிவிட்டு, வெயிலில் இறங்கி நடக்கிறார்கள்.