வால்வுக் கைப்பிடி

1
இந்தக் கதை என் மச்சான் போட்ட பிச்சை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் வெல்டர். வேற்றுக் கோளில் குடியேறியவர்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொள்வதாக நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"மாப்ள, சுவத்துக்கு வெளிய காத்தே இல்லன்னீங்க. குண்டு தவறிச் சுவத்துல பட்டா சுட்டவனும் சேந்துல்ல சாவான்?"

"அப்ப ஆயுதம்?"

"ஸ்பானர், ஆணி அடிக்கிற மெஷின். அதெல்லாம் சும்மா. காத்து வால்வு யார் கையில இருக்கோ, அவங்க வச்சதுதான் சட்டம்."

2
'செந்நிறச் சூரியன் மெல்ல எழுந்து' (வேண்டாம். அங்கே ஜன்னலே கிடையாது.)

குடியிருப்பில் நாற்பத்தொரு பேர். காற்று வால்வைக் கவனிப்பவள் ஒருத்தி. தினமும் பதினாறு மணி நேர வேலை தாங்காமல், ஒன்பது பேர் தண்ணீர் பம்பு இருக்கும் மேற்குக் கூடத்துக்குள் புகுந்து, தண்ணீரை நிறுத்திவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவி, வால்வுக்காரியின் நாத்தனார். (இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லை. காரணம் எழுதி அடித்துவிட்டேன். உங்கள் வீட்டுக் காரணத்தையே போட்டுக்கொள்ளுங்கள்.)

மேலாளர் வால்வுக்காரியிடம் வந்தார். "அந்தக் கூடத்துக் காத்தைப் பாதியாக் குறைம்மா. மயங்கினதும் கதவை வெட்டித் திறந்துரலாம்."

"மயக்கம் எந்த நிமிஷத்துல சாவா மாறும் சார்?"

"அது உனக்குத்தான தெரியும்."

"எனக்கும் தெரியாது."

3
இங்கே எனக்கே அவள்மீது நம்பிக்கை இல்லை. ஒரு வரைவில் பயந்துபோய்க் காற்றைக் குறைத்தாள். உள்ளே முதலில் இருமியது— அந்தப் பக்கத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

உண்மையில் அவள் செய்தது வேறு. வால்வின் ஒரே கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மேற்குக் கதவைத் தட்டினாள்.

"எதுக்கு வந்தீங்க அண்ணி?" ஆறு மாதத்தில் முதல் வார்த்தை.

"கைப்பிடி என்கிட்ட இருக்கு. இனி யாரும் உங்க காத்துல கை வைக்க முடியாது. உள்ள விடு."

"எங்க பக்கம் வந்துட்டீங்களா?"

"பக்கமாவது ஒண்ணாவது. வெளிய முப்பது பேருக்குத் தொண்டை காயுது. முதல்ல தண்ணியத் திறந்து விடு."

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. அதன்பின் குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும் ஓசை கேட்டது.

4
மதியம் மேலாளர் வெட்டும் இயந்திரம் இல்லாமல், தனியாக வந்தார். மேற்குக் கூடத்திலேயே பேச உட்கார்ந்தார்கள். நாத்தனார் பெஞ்சில் நகர்ந்து அண்ணிக்கு இடம் கொடுத்தாள்.

ஒரு முடிவில் பன்னிரண்டு மணி நேரம் என்று தீர்ந்தது. இன்னொன்றில் பத்து. இரண்டையும் கிழித்துவிட்டேன், நான் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவன், எனக்கென்ன தெரியும்? வேலைக்குப் போய் வருகிறவர் நீங்கள். பெஞ்சில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது. உட்கார்ந்து, எத்தனை மணி நேரம் போதும் என்று நீங்களே சொல்லுங்கள்.